சதுரங்கப் பலகையின் அரிசிக் கணக்கு: ஓர் எண்ணின் உள்ளமைப்பு



பள்ளிக் கணித ஆசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவர் சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் கொண்டு ஒரு தலைமுறையை வளர்த்தவர். அதனால் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடிந்ததை மட்டுமே இன்று பேசுவது என்று முடிவு செய்துகொண்டேன். ஒரே ஓர் எண்ணைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். அந்த எண்ணின் கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணைத்தான் நம்மில் பலர் நின்று பார்த்ததில்லை.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவனிடம் அரசன், "என்ன பரிசு வேண்டும், கேள்" என்கிறான். முதல் கட்டத்துக்கு ஓர் அரிசி, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு நான்கு, இப்படி அறுபத்து நான்கு கட்டத்துக்கும் இரட்டித்துக் கொடுத்தால் போதும் என்கிறான் அவன். களஞ்சியம் காலியாகிறது, அரசன் தலைகுனிகிறான். கேரளத்து அம்பலப்புழையில் இதே கதை கண்ணன் கோயில் பால்பாயசத்தின் தலவரலாறாக வழங்குகிறது. தீராத அரிசிக் கடனை அரசன் இன்றும் பாயசமாக அடைத்துவருகிறான் என்பது அங்குள்ள நம்பிக்கை.

கதை சொல்பவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவார்கள். "அடேயப்பா, எவ்வளவு பெரிய எண்!" என்ற வியப்போடு வகுப்பு கலைந்துவிடும். அந்த வியப்புக்கு அடுத்த படியில்தான் கணிதம் தொடங்குகிறது என்பது முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற என் அனுபவம். எண் எவ்வளவு பெரியது என்று கேட்டாயிற்று. அதற்குள் என்ன இருக்கிறது என்று இனிக் கேட்போம்.

எண்ணின் பெயர்

முதலில் எண்ணை எழுதிவிடுவோம்: 1,84,46,74,40,73,70,95,51,615. இருபது இலக்கங்கள். தமிழில் இதை வாய்விட்டுச் சொல்லலாம். ஒரு லட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

ஆயிரம் அரிசி இருபது கிராம் என்று வைத்துக்கொண்டால் இதன் எடை ஏறத்தாழ 37,000 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அதாவது ஏறக்குறைய எழுநூறு ஆண்டு விளைச்சல். அளவைப் பற்றி இது போதும்.

இரட்டிப்பின் கணக்கு

ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று கூட்டிக்கொண்டே போனால் ஓர் ஒழுங்கு தென்படும். முதல் இரண்டு கட்டத்தின் கூட்டுத்தொகை 3, மூன்று கட்டத்துக்கு 7, நான்குக்கு 15. எங்கே நிறுத்தினாலும் அடுத்த கட்டத்தில் வரவேண்டியதைவிட ஒன்று குறைவு. ஆகவே 64 கட்டத்தின் கூட்டுத்தொகை, இல்லாத 65ஆம் கட்டத்தின் அரிசியைவிட ஒன்று குறைவு. 2⁶⁴ – 1 என்று அதை எழுதுகிறோம்.

இந்த இரட்டிப்பு தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல. நேர், நிரை என அசை இரண்டு. ஆகவே ஓரசைச் சீர் 2. தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் என ஈரசைச் சீர் 4. மூவசைச் சீர் 8, நாலசைச் சீர் 16. மொத்தம் முப்பது சீர் என்று யாப்பிலக்கணம் படித்த மாணவர் ஒப்பிப்பார். ஏன் முப்பது? அடுத்து வரவேண்டிய 32இல் இரண்டு குறைவு. ஒன்றில் தொடங்கினால் ஒன்று குறையும், இரண்டில் தொடங்கினால் இரண்டு குறையும். அரிசிக் கணக்கும் சீர்க் கணக்கும் ஒன்றே. அறுபத்து நான்கு அசை கொண்ட ஒரு சீரைக் கற்பனை செய்தால் அதன் வகைகள் 2⁶⁴.

வடமொழி யாப்பு நூல் செய்த பிங்கலர் இதே கேள்வியைக் குரு, லகு என்ற எழுத்துகளை வைத்துக் கேட்டார். ஒவ்வொன்றாக இரட்டிக்காமல் விரைவாக விடை காணும் வழியையும் தந்தார். அடுக்கைப் பாதியாக்க முடிந்தால் பாதியாக்கு, அந்த இடத்தில் வர்க்கம் செய். பாதியாக்க முடியாவிட்டால் ஒன்றைக் கழி, அந்த இடத்தில் இரட்டி. 64ஐ ஆறு முறை பாதியாக்கலாம். ஆகவே இரண்டை ஆறு முறை வர்க்கம் செய்தால் போதும்: 2, 4, 16, 256, 65,536, பிறகு 4,29,49,67,296, அடுத்து 2⁶⁴. அறுபத்து நான்கு பெருக்கல் ஆறாகச் சுருங்கிவிட்டது. கி.பி. 1000 வாக்கில் அல்-பிரூனி என்ற அறிஞர் சதுரங்கக் கணக்கை எழுதியபோது வர்க்கம் செய்யும் இந்த வழியிலேயே போனார். ஒரு கட்டத்தின் எண்ணை வர்க்கம் செய்தால், முதல் கட்டத்திலிருந்து அதே தூரம் மேலும் தள்ளியுள்ள கட்டத்தின் எண் கிடைக்கும் என்று அவர் விதி வகுத்துத் தந்திருக்கிறார்.

இந்த ஆறு வர்க்கங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைத் திறக்கும் சாவி அங்கே இருக்கிறது.

ஒன்பதாம் வகுப்புச் சூத்திரம்

ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் அது இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரியும். a² – 1 என்பது (a – 1) × (a + 1). இதைப் படிக்காத மாணவர் இந்த அரங்கில் இல்லை. 2⁶⁴ என்பது 2³²இன் வர்க்கம். ஆகவே நம் எண்:

4,29,49,67,295 × 4,29,49,67,297

இடப்புறம் உள்ளது என்ன? முப்பத்திரண்டு கட்டத்தின் கூட்டுத்தொகை, அதாவது பாதிப் பலகையின் அரிசி. அதையும் அதே சூத்திரத்தால் பிரிக்கலாம்: 65,535 × 65,537. இனி 65,535 என்பது 255 × 257. 255 என்பது 15 × 17. பதினைந்து, மூன்று × ஐந்து. ஆக, பாதிப் பலகை இப்படி நிற்கிறது:

3 × 5 × 17 × 257 × 65,537

ஐந்தும் பகா எண்கள். ஐந்தும் ஒரே வார்ப்பு: 2 + 1, 4 + 1, 16 + 1, 256 + 1, 65,536 + 1. அந்த ஆறு வர்க்கங்களின் வரிசைதான், ஒவ்வொன்றோடும் ஒன்று கூடியிருக்கிறது. பாக்கி இருப்பது வலப்புறத்து எண் மட்டும்: 4,29,49,67,297. அதுவும் அதே வார்ப்பு. அது பகா எண்ணா?

ஆறாவது எண்

1640ஆம் ஆண்டு பிரான்சு நாட்டு நீதிமன்ற அதிகாரி பியர் ஃபெர்மா இந்த வரிசையை எழுதி, இதில் வரும் எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகக் கடிதத்தில் குறிப்பிட்டார். இந்த வரிசையில் வருபவற்றை ஃபெர்மா எண்கள் என்கிறோம். ஐந்து எண்கள் சரியாக இருந்தன. ஆறாவதும் அப்படியே இருக்கும் என்று நம்பியதைப் பிழை என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அவரிடம் நிரூபணம் இல்லை.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் என்ற கணிதர், ஃபெர்மாவின் இந்தக் கருத்து தெரியுமா என்று இன்னொரு கணிதரான ஆய்லருக்குக் கடிதம் எழுதினார். 1732இல் விடை வந்தது. ஆய்லருக்கு அப்போது இருபத்தைந்து வயது. 4,29,49,67,297 என்பது 641ஆல் மீதியின்றி வகுபடும் என்றார் அவர். ஈவு 67,00,417.

இதை ஒருமுறை வகுப்பில் எழுதி, பெருக்கிச் சரிபார்க்கச் சொன்னேன். எல்லாரும் பெருக்கி, "சரி" என்றார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சார், 641 என்று அவருக்கு எப்படித் தெரிந்தது?" என்று கேட்டாள். பெருக்கிப் பார்ப்பது சரிபார்ப்பு. அவள் கேட்டது கணிதம். அவளுக்குச் சொன்ன விடையையே இங்கும் சொல்கிறேன்.

ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் 641 அரிசி பிடிக்கும் பைகளில் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பை நிரம்பாமல் மிஞ்சுவதை மட்டும் குறித்துக்கொள்வோம். முதல் பத்துக் கட்டத்தில் 1, 2, 4 என்று 512 வரை அப்படியே மிஞ்சும். பதினோராம் கட்டத்தில் 1,024. ஒரு பை போக மீதி 383. அதை இரட்டித்தால் 766, ஒரு பை போக 125. பிறகு 250, 500. அடுத்து ஆயிரம், ஒரு பை போக 359. இப்படியே போனால் முப்பத்து மூன்றாம் கட்டத்தில் மீதி 640. இன்னும் ஒரே ஓர் அரிசி இருந்தால் பை நிரம்பிவிடும். அந்தக் கட்டத்தின் அரிசி 2³². அதோடு ஒன்றைக் கூட்டினால் மீதி இல்லை. அறுபத்தைந்தாம் கட்டம் ஒன்று இருந்திருந்தால் அங்கே மீதி மறுபடி 1. மீதிகள் பலகை முழுவதும் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகின்றன. சுற்றின் நீளம் சரியாக 64.

நம் ஆறாவது எண்ணை வகுக்கக்கூடிய பகா எண் எதுவானாலும் அதற்கும் சுற்று 64 தான். பகா எண்ணில் ஒன்றைக் கழித்தால் வருவது, சுற்றின் நீளத்தால் வகுபட வேண்டும். இது ஃபெர்மாவே 1640இல் கண்ட தேற்றத்திலிருந்து வருவது. ஆகவே தேடவேண்டிய வகுஎண், 64இன் மடங்கோடு ஒன்று கூடிய எண்ணாகத்தான் இருக்க முடியும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்து மட்டும். ஐந்தே வகுத்தல்கள், ஐந்தாவதில் விடை. ஆய்லர் பின்னால் எழுதிய கட்டுரையில் இந்த வழியை விளக்கினார். 1878இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதர் 64ஐ 128 ஆக்கி வலையை இன்னும் சிறிதாக்கினார். அப்போது எஞ்சுவன 257, 641 இரண்டே. 257 ஏற்கெனவே வரிசையில் உள்ள எண், அது ஆறாவதை வகுக்காது. முதல் முயற்சியிலேயே 641 அகப்பட்டுவிடும்.

பெருக்கலே செய்யாமல் இதை நிரூபிக்கவும் முடியும். 641ஐ இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, 5 × 128 + 1. மற்றொன்று, 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. முதலாவதன்படி 5 × 2⁷ என்பது ஒரு பைக்கு ஒன்று குறைவு, மீதி –1. அதன் நான்காம் அடுக்கு 5⁴ × 2²⁸, மீதி 1. இரண்டாவதன்படி 5⁴க்குப் பதிலாக –2⁴ என்று போடலாம். அப்படிப் போட்டால் –2³²க்கு மீதி 1. ஆகவே 2³² + 1 மீதியின்றி வகுபடும். நான்கே வரி. 429 கோடியைத் தொடாமலே அதன் காரணியைப் பிடித்துவிட்டோம். இந்த நான்கு வரியை முதன்முதலில் நானே எழுதிப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை.

67,00,417 பகா எண்தானா என்று பார்ப்பதற்கும் அதே வலை போதும். லூக்காவின் விதிப்படி 641, 769, 1153, 1409 ஆகிய நான்கு எண்களால் வகுத்துப் பார்த்தால் தீர்ந்தது. எதுவும் வகுக்காது. ஆக, சதுரங்கப் பலகையின் முழுக் கணக்கு:

3 × 5 × 17 × 257 × 641 × 65,537 × 67,00,417

ஏழு பகா எண்கள், ஒவ்வொன்றும் ஒருமுறை. ஆகவே இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்கள் 2⁷, அதாவது 128. இரட்டிப்பில் பிறந்த எண்ணின் வகுஎண்களும் இரட்டிப்பில் வந்து நிற்கின்றன.

பாதிப் பலகையும் பலகோணமும்

இனி எண்ணிலிருந்து வடிவத்துக்குப் போவோம். கவராயமும் கோடு போடும் சட்டமும் மட்டும் கொண்டு எந்தெந்த ஒழுங்குப் பலகோணங்களை வரையலாம்? முக்கோணமும் ஐங்கோணமும் கிரேக்கர் காலத்திலேயே தெரியும். அதற்குப்பின் ஈராயிரம் ஆண்டு புதிய பகா எண் பக்கம் எதுவும் சேரவில்லை. 1796 மார்ச் 30ஆம் நாள், பத்தொன்பது வயது நிரம்ப ஒரு மாதம் இருந்த கௌஸ், பதினேழு பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டார். மொழி ஆராய்ச்சியா கணிதமா என்று தயங்கிக்கொண்டிருந்த இளைஞரைக் கணிதத்தின் பக்கம் திருப்பிய நாள் அது. அவர் பிறந்த பிரவுன்ஷ்வைக் நகரத்துச் சிலையின் பீடத்தில் பதினேழு முனை விண்மீன் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது.

1801இல் அவர் வெளியிட்ட நூலில் பொதுவிதி வந்தது. 1837இல் வான்செல் என்ற கணிதர் அதன் மறுபாதியை நிரூபித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்க வேண்டும். நமக்குத் தெரிந்தவை 3, 5, 17, 257, 65,537 ஐந்துதான். இவற்றிலிருந்து ஒன்றையோ பலவற்றையோ எடுத்துப் பெருக்க 31 வழிகள் உண்டு. அவற்றில் மிகப் பெரியது ஐந்தையும் பெருக்கினால் வருவது: 4,29,49,67,295. சதுரங்கப் பலகையின் முதல் பாதியில் உள்ள அரிசி எத்தனையோ, நாம் அறிந்தவற்றுள் வரையத்தக்க மிகப்பெரிய ஒற்றைப்படைப் பலகோணத்தின் பக்கங்களும் அத்தனை. ஹெர்மஸ் என்ற ஜெர்மானிய ஆசிரியர் 65,537 பக்கப் பலகோணத்துக்கான வழியை எழுதுவதற்குப் பத்து ஆண்டு உழைத்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் காக்கப்படுகிறது.

அடுத்த வீட்டு எண்

நம் எண் ஆறு ஃபெர்மா எண்களின் பெருக்கல் என்று கண்டோம். அதோடு இரண்டைக் கூட்டினால் 2⁶⁴ + 1, அதாவது ஏழாவது ஃபெர்மா எண் வருகிறது. முன்வந்தவை எல்லாவற்றையும் பெருக்கி இரண்டைக் கூட்டினால் அடுத்தது என்ற இந்த உறவு வரிசை முழுவதும் பொருந்தும். எனவே முன்னதில் ஒன்றை வகுக்கும் பகா எண் பின்னதையும் வகுக்க வேண்டுமானால் அது 2 என்ற எண்ணையும் வகுக்க வேண்டும். ஒற்றைப்படை எண்ணுக்கு அது முடியாது. ஆகவே வரிசையில் வரும் ஒவ்வோர் எண்ணும் இதுவரை வராத புதிய பகா காரணிகளைக் கொண்டுவருகிறது. வரிசைக்கு முடிவில்லை. எனவே பகா எண்களுக்கும் முடிவில்லை. கோல்ட்பாக் 1730இல் கண்ட நிரூபணம் இது. அரிசிக் கதையிலிருந்து இரண்டு அடி நடந்தால் பகா எண்களின் முடிவின்மை கைக்குக் கிடைக்கிறது.

அந்த ஏழாவது எண்ணும் பகு எண்தான். 2,74,177 அதன் ஒரு காரணி. 1880இல் தமது 82ஆம் வயதில் லாண்ட்ரி என்ற கணிதர் அதை வெளியிட்டார். ஃபெர்மா நம்பியது ஐந்தோடு நின்றுவிட்டது. ஆறாவதிலிருந்து இன்றுவரை தீர்ப்பு தெரிந்த ஒவ்வொரு ஃபெர்மா எண்ணும் பகு எண்ணே. ஆறாவது ஃபெர்மா பகா எண் எங்காவது உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி.

நம் எண் வேறு இடங்களிலும் தலைகாட்டுகிறது. 1883இல் லூக்கா ஒரு விளையாட்டுப் பொருளை வெளியிட்டார். மூன்று கம்பம், அளவு குறைந்துவரும் வட்டுகள். அதோடு அவர் சேர்த்த கதையில் காசிக் கோயிலில் அறுபத்து நான்கு பொன் வட்டுகள் ஒரு கம்பத்திலிருந்து இன்னொரு கம்பத்துக்கு மாற்றப்படுகின்றன. அதற்கு வேண்டிய நகர்த்தல்கள் நம் எண்ணேதான். நொடிக்கு ஒன்று நகர்த்தினால் ஏறத்தாழ 58,000 கோடி ஆண்டு ஆகும். பேரண்டத்தின் வயது 1,380 கோடி ஆண்டு.

உங்கள் கைப்பேசியிலும் இந்த எண் இருக்கிறது. 64 பிட் இடத்தில் குறியின்றி எழுதக்கூடிய மிகப்பெரிய எண் இதுதான். அறுபத்து நான்கு இடத்திலும் 1. வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது பாதுகாப்புப் பூட்டாகப் பயன்படும் முறைகளுள் ஆர்எஸ்ஏ ஒன்று. அதில் பொதுச் சாவியின் அடுக்காகப் பெரும்பாலும் வைக்கப்படுவது 65,537. இரும எண்ணில் எழுதினால் இரண்டு இடத்தில் மட்டும் 1 வரும், ஆகவே பதினாறு வர்க்கமும் ஒரு பெருக்கலும் போதும். பிங்கலரின் முறைதான் அங்கே ஓடுகிறது. அந்தப் பூட்டின் வலிமை இன்னொரு உண்மையில் நிற்கிறது: இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது, பெருக்கியதைப் பிரிப்பது மிகக் கடினம். ஃபெர்மா ஆறாவது எண்ணிடம் கண்டதும் இந்தக் கடினத்தையே.

நிறைவாக

இந்த எண்ணிடமிருந்து நான் கற்றவை இரண்டு. பெரிய எண்ணைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை, அமைப்பு தெரிந்தால் இருபது இலக்கமும் ஒன்பதாம் வகுப்புச் சூத்திரத்துக்குக் கட்டுப்படும். ஐந்து முறை உண்மையானது ஆறாவது முறையும் உண்மையாகும் என்று நம்பக்கூடாது, எவ்வளவு பெரிய அறிஞர் சொன்னாலும் நிரூபணம் கேட்க வேண்டும். இரண்டாவது பாடம் கணிதத்துக்கு மட்டும் உரியதல்ல.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அரிசிக் கதையைச் சொல்லும் நாளில் இன்னும் ஒரு பாடவேளையை ஒதுக்குங்கள். எண்ணைப் பலகையில் எழுதி, பிள்ளைகளே அதைப் பிரிக்கட்டும் என்று விடுங்கள். அவர்கள் 4,29,49,67,297இல் வந்து நிற்பார்கள். நிற்கட்டும். விடையை உடனே சொல்லிவிடாதீர்கள். "641 எப்படித் தெரிந்தது?" என்ற கேள்வி ஒரு பிள்ளையின் வாயிலிருந்து வந்தால், அன்றைய பாடம் நடந்துவிட்டது.

மாணவர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு தாளை எடுங்கள். ஒன்றிலிருந்து தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள். 641ஐத் தாண்டும்போதெல்லாம் 641ஐக் கழியுங்கள். முப்பத்து மூன்றாவது வரியில் 640 வருகிறதா என்று நீங்களே பாருங்கள்.